திருமருகல் வழியாக நாலு மைல் கூடுதல்

17 செப்டம்பர் 1973, திங்கள்

சீர்காழிக்குக் கல்யாண வாடகை. அம்பாசடருக்குள் ஒன்பது பேர். நான் கியர் போடும்போதெல்லாம் பெண்ணின் சித்தப்பா முழங்காலை ஒதுக்கிக்கொண்டு, "போடு தம்பி, போடு" என்று உத்தரவு கொடுத்தபடியே வந்தார். வண்டி தன் உத்தரவில்தான் ஓடியது என்று ஊரில் போய்ச் சொல்லியிருப்பார். போக வர அறுபத்தெட்டு மைல்.

இந்த டைரி உரக் கம்பெனிக்காரர்கள் நெய்னா முகம்மது பாய்க்குக் கொடுத்தது. வண்டி அவருடையது, ஓட்டுவது நான். "எங்க போனே, எத்தனை மைலுன்னு எழுதி வை கண்ணுசாமி" என்றார். எழுதுகிறேன். மற்றதையும் எழுதுகிறேன். பாய் டைரியைத் திறக்கப் போவதில்லை, மீட்டரைத்தான் பார்ப்பார்.

வீட்டுக்கு வந்தால் அம்சம் இல்லை. ஏழு மாச வயிற்றோடு வரப்பில் நிற்கிறாள். கதிர் தலை சாய்ந்துவிட்டதாம், அதைப் பார்த்தாளாம். "நேத்தும் சாய்ஞ்சுதானே இருந்துச்சு" என்றேன். "நேத்தைக்கு இன்னைக்கு ஒரு விரக்கடை கூட" என்றாள். எட்டு வருஷம் கழித்து வயிற்றில் ஒன்று, வயலில் ஒன்று. அவள் எதைப் பற்றிப் பேசுகிறாள் என்று சில நேரம் எனக்கே குழம்பிவிடுகிறது.

7 அக்டோபர், ஞாயிறு

குறுவை அறுப்பு முடிந்தது. ஆடுதுறை இருபத்தேழு ரகம். இன்று களத்தில் தூற்றினார்கள். நான் ஓரமாக நின்றேன். எனக்கு அரிவாள் பிடிக்கத் தெரியாது, பதினாறு வயசிலேயே டிராக்டரில் ஏறிவிட்டேன். பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "டிரைவரு வந்திருக்காரு, தூசி படாம நாற்காலி போடுங்கடி" என்றாள் ஒருத்தி.

இந்த ஒரு ஏக்கரும் பண்ணையார் பினாமி பேரில் ஒளித்து வைத்திருந்த நிலம். விவசாயச் சங்கத்து ஆட்கள் கொடி நட்டபோது அம்சமும் போனாள். மண்டையில் தடியடி, பதினொரு நாள் ஜெயில். அந்தப் பதினொரு நாளும் நான் பண்ணையாரின் தம்பிக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். அதை அவள் இதுவரை சொல்லிக் காட்டியதில்லை. உச்சவரம்புச் சட்டத்தில் நிலம் பிரிந்து பட்டா அவள் பேருக்கு வந்தது. கைநாட்டு வைத்துவிட்டு வந்து அந்த மைக்கட்டை விரலை இரண்டு நாள் கழுவவில்லை. என் பேரில் இருப்பது லைசென்ஸ் ஒன்றுதான்.

அரசாங்கக் கொள்முதலுக்குப் போடவேண்டியதைப் போட்டாயிற்று. ஒரு மூட்டையை மட்டும் தனியாகக் கட்டி வாயைத் தைத்தாள். கோணி ஊசியால் அவ்வளவு நெருக்கமாகத் தைத்து நான் பார்த்ததில்லை. "இது எதுக்கு?" என்றேன். "இதுல வடிக்கிற சோறுதான் நான் பெத்து எழுந்திரிச்சு திங்கிற மொத சோறு" என்றாள்.

15 அக்டோபர், திங்கள்

நர்ஸம்மா வந்து பார்த்தார். பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம். இங்கே வைத்துக்கொள்ள வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே போய்விடுங்கள் என்றார். திருவாரூரா, கும்பகோணமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அம்சம் காரைக்கால் என்று முடிவு செய்துவிட்டாள். அவள் அக்கா ராசம்மாள் அங்கே பெரியாஸ்பத்திரியில் ஆயா, வீடும் ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே. பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள் எங்களுக்கு? சரி என்றேன்.

காரைக்கால் கூப்பிடு தூரம்தான். ஆனால் வேறு சர்க்கார். பாண்டிச்சேரியைச் சேர்ந்தது. இங்கேயிருந்து ஒரு படி அரிசி அந்த எல்லையைத் தாண்ட வேண்டுமானாலும் பெர்மிட் வேண்டும். பேரளம் சாலையில் செக்போஸ்ட் போட்டு, பஸ்ஸை நிறுத்தி, சீட்டுக்கடியில் குத்தூசியை விட்டுக் குத்திப் பார்க்கிறார்கள். போன மாசம் ஒரு பெண் இடுப்பில் சுருட்டி வைத்திருந்த அரிசியை ரோட்டிலேயே கொட்ட வைத்ததை நானே பார்த்தேன்.

வழி இரண்டு உண்டு. குடவாசலிலிருந்து சன்னாநல்லூர் வரை ஒன்றுதான். அங்கே பிரிகிறது. இடது கைப்பக்கம் பேரளம், அம்பகரத்தூர், திருநள்ளாறு, காரைக்கால். இருபது மைல், நல்ல தார் ரோடு, செக்போஸ்ட். நேரே போனால் திருப்புகலூர், திருமருகல், திட்டச்சேரி. திட்டச்சேரி தாண்டி ஆற்றங்கரைப் பாதையில் இறங்கினால் செக்போஸ்ட் கிடையாது. இருபத்து நாலு மைல். கடைசி நாலு மைல் வண்டிப்பாதை.

28 அக்டோபர், ஞாயிறு

சண்டை. மூட்டையையும் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டுமாம்.

"அரைச்சு ரெண்டு படி மட்டும் எடுத்துக்க புள்ள" என்றேன். கேட்கவில்லை. அக்காவுக்கும் கொடுக்க வேண்டுமாம். நாங்கள் சாப்பாட்டுக்கு இல்லாமல் கிடந்தபோது அக்கா வீட்டில் போய்த் தின்றோமாம், இப்போது எங்கள் நிலத்து நெல் அந்த வீட்டு வாசலில் இறங்க வேண்டுமாம். "வெறுங்கையோட போயி எத்தனை தடவ அந்த வாசப்படி ஏறியிருக்கேன் தெரியுமா?" என்றாள். தெரியும். நானும்தானே கூட ஏறினேன்.

"மாட்டினா கடத்தல் கேசு. பட்டாவையே ரத்து பண்ணிடுவான்னு டீக்கடையில பேசிக்கிறாங்க" என்றேன். "அதுக்குத்தானே உங்களுக்கு வழி தெரியும்" என்றாள். பதினெட்டு வருஷமாக ஸ்டீயரிங் பிடிக்கிறவனை அவள் பாராட்டியது இதுதான் முதல் தடவை.

நவம்பர் ஏழாம் தேதி போவது என்று ஏற்பாடு. நர்ஸம்மா சொன்ன நாளுக்குப் பதினைந்து நாள் முன்னால். அவசரமில்லாத பயணம், திருமருகல் வழியாகவே மெதுவாகப் போய்விடலாம்.

"துண்டு கட்டுவீங்களா?" என்று கேட்டாள். எங்கள் ஸ்டாண்டு வழக்கம் அது. பிரசவ கேஸ் ஏற்றினால் முன்பக்கக் கண்ணாடி ஓரத்தில் வெள்ளைத் துண்டு கட்டுவோம். மாட்டுவண்டிக்காரன்கூட ஒதுங்கி வழி விடுவான். "அது வலி வந்தவங்களுக்கு. நீ சும்மா ஊர் சுத்திப் பார்க்கப் போற" என்றேன். சிரித்தாள். சண்டை அதோடு தீர்ந்தது.

6 நவம்பர், செவ்வாய்

வண்டியைக் கழுவினேன். டயருக்குக் காற்று. மூட்டையை டிக்கியில் ஏற்றி, மேலே பழைய பாயைப் போட்டேன். நாலு நாளாக மழை. நாளைக் காலை ஒன்பதுக்குக் கிளம்புகிறோம்.

8 நவம்பர், வியாழன்

அம்சம் பிழைத்துக்கொண்டாள். பிள்ளை பிழைக்கவில்லை. பெண் பிள்ளை.

11 நவம்பர், ஞாயிறு, காரைக்கால்

அரசலாற்றங்கரையில் புதைத்தது ராசம்மாளின் புருஷனும் நானும். அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். என்னிடம் கொடுங்கள் என்று கேட்டேன், கொடுத்தார். ஒரு தேங்காயளவு தலை. முடி நிறைய. காது அம்சத்தின் காது.

பேர் வைக்கக்கூடாதாம். நான் வைக்கவில்லை.

டாக்டரம்மா கோபக்காரர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்பா." அதற்குப் பிறகு என் தோளைத் தொட்டார். தொடாமல் இருந்திருக்கலாம்.

ஒரு மணி நேரம்.

19 நவம்பர், திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். பேரளம் வழியாக வந்தோம். உள்ளே வருகிற வண்டியில் யாரும் எதையும் பார்ப்பதில்லை. அம்சம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். செக்போஸ்ட் மூங்கிலைத் தாண்டும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள்.

மூட்டையும் திரும்பி வந்துவிட்டது. ராசம்மாள் வீட்டில் இறக்கப் போனபோது அம்சம் கட்டிலில் இருந்தபடியே "இறக்க வேண்டாம்" என்றாள். அதோடு சரி. இப்போது எங்கள் வீட்டு மூலையில், குதிருக்குப் பக்கத்தில் நிற்கிறது. இருவரும் அதைச் சுற்றி நடக்கிறோம்.

2 டிசம்பர், ஞாயிறு

எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொல்ல முடியாததை இங்கேயாவது எழுதவேண்டும்.

அன்று சன்னாநல்லூர் பிரிவுக்கு வரும்போது மணி பத்து. அங்கேதான் வலி கண்டது. பதினைந்து நாள் இருக்கே என்று நான் சொல்லும்போதே பனிக்குடம் உடைந்து சீட்டெல்லாம் நனைந்துவிட்டது. வண்டியை நிறுத்தினேன். இடது பக்கம் பேரளம். நேரே திருமருகல். அம்சம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "பேரளம் ரோட்டுல போங்க. மூட்டைய இந்த டீக்கடையில எறக்கிடுங்க."

அவள் சொன்னாள். அவள்தான் சொன்னாள்.

நான் இறக்கவில்லை. டீக்கடைக்காரன் யாரென்று தெரியாது. திரும்பி வரும்போது இருக்குமா? அவள் மண்டையில் தையல் போட்ட நிலத்து நெல், கண்டவன் கடையிலா? இறக்காமலேயே பேரளம் போனால் குத்தூசி, கேஸ், பட்டா. இத்தனையும் ஒரு நிமிஷத்துக்குள் ஓடியது. நாலு மைல்தானே கூட, அழுத்திப் போனால் கால் மணி என்று கணக்குப் போட்டேன். நேரே விட்டேன். வெள்ளைத் துண்டு கையில் இருந்தது, கட்டவில்லை. துண்டு கட்டின வண்டி ஏன் ஆற்றங்கரைப் பாதையில் போகிறது என்று நாலு பேர் பார்ப்பார்கள் என்று கட்டவில்லை.

துண்டு இல்லாததால் எவனும் வழி விடவில்லை. திருமருகலில் வைக்கோல் வண்டிகள். திட்டச்சேரி தாண்டி ஒரு வாத்துக் கூட்டம், ஆயிரம் இருக்கும், பாதை முழுக்க. ஹாரன் அடிக்க அடிக்க வாத்துக்காரன் என்னைத் திட்டுகிறான். அப்புறம் ஆற்றங்கரையில் பின் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. அம்சம் கத்தவில்லை. முன் சீட்டைப் பிடித்திருந்த அவள் கை மட்டும் தெரிந்தது.

நாத்தங்காலில் இருந்து ஆறு பேர் ஓடி வந்தார்கள். தள்ளினார்கள், ஏறவில்லை. "பின்னால என்னய்யா இவ்வளவு கனம்? எறக்கு" என்றார் ஒருவர். டிக்கியைத் திறந்தேன். அவர்களே மூட்டையைத் தூக்கிக் கரையில் வைத்தார்கள். ஒரே தள்ளில் வண்டி மேலே ஏறிவிட்டது.

இதுவரைக்கும் எழுதிவிட்டேன். இதற்குப் பிறகுதான் கை வரமாட்டேன் என்கிறது.

மூட்டை கரையில் நிற்குது. வண்டி ரோட்டுல நிற்குது. அப்படியே ஏறி உட்கார்ந்து போயிருக்கலாம். அந்த ஆறு பேரும் நம்ம மாதிரி ஆளுங்கதான், வச்சிருங்கன்னு சொன்னா வச்சிருப்பாங்க. நான் என்ன செஞ்சேன்? ஓடிப் போய் மூட்டையைக் கட்டிப் பிடிச்சேன். தனியா தூக்க முடியலை. சேத்துல வழுக்கி விழுந்தேன். மறுபடி தூக்கினேன். அவங்கள்ல ரெண்டு பேர் வந்து கை கொடுத்து ஏத்திவிட்டாங்க. அவங்களுக்கும் அது சரின்னுதான் பட்டிருக்கு. நெல்லு மூட்டையை மழையில விட்டுட்டு எவன் போவான்? பாயைப் போட்டு மூடி டிக்கியைச் சாத்தினப்போ நிமிர்ந்து பார்த்தேன். பின் கண்ணாடி வழியா அம்சம் என்னைப் பார்த்துக்கிட்டு இருந்தா.

ஆஸ்பத்திரிக்குள் வண்டி நுழையும்போது மணி பன்னிரண்டரை. பேரளம் வழியாகப் போயிருந்தால் பத்தே முக்கால், பதினொன்று.

20 டிசம்பர், வியாழன்

பாய் கூப்பிட்டார். "பெட்ரோல் விலை ஏறிக் கெடக்கு, ஸ்டாண்டுல வண்டியெல்லாம் கல்லு மாதிரி நிக்குது. நம்ம வண்டி மீட்டரு மட்டும் எப்படி ஓடுது கண்ணுசாமி?"

பொய் சொல்ல வரவில்லை. காலிவண்டியாகச் சன்னாநல்லூரிலிருந்து இரண்டு வழியிலும் போய் நேரம் பார்க்கிறேன் என்று சொன்னேன். ஆறு தடவை போயிருக்கிறேன். பேரளம் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தால் ஐம்பத்தைந்து நிமிஷம். திறந்திருந்தால் நாற்பத்தெட்டு. செக்போஸ்டில் எவ்வளவு நேரம் நிறுத்தியிருப்பார்கள் என்பது மட்டும்தான் தெரியவில்லை. காலிவண்டியை அவர்கள் நிறுத்துவதே இல்லை. ஒரு மணி நேரம் நிறுத்தியிருந்தால் இரண்டு வழியும் ஒன்றுதான். அதைத்தான் தேடுகிறேன், பாய்.

அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "மவுத்தான புள்ளைக்கு எந்த ரோடும் கிட்டக்க இல்லப்பா. போதும், விட்டுடு" என்றார். பெட்ரோலுக்குப் பிடித்தம் எதுவும் செய்யவில்லை.

14 ஜனவரி 1974, திங்கள்

பொங்கல். பக்கத்து வீட்டில் கொடுத்த பச்சரிசியில் அம்சம் பொங்கினாள். சொந்த நெல் மூலையில் இருக்கிறது. இருவரும் சர்க்கரைப் பொங்கலைப் புகழ்ந்து பேசிக்கொண்டோம்.

10 பிப்ரவரி, ஞாயிறு

வீட்டில் அந்துப்பூச்சி பறக்கிறது. சின்னச் சின்னதாக, மூட்டை இருக்கிற மூலையிலிருந்து. வெயிலில் காட்டாத நெல், வரத்தான் செய்யும். அம்சம் முகத்தில் ஒன்று வந்து உட்கார்ந்தது. தட்டிவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை. நானும் "மூட்டையைக் காய வைக்கலாமா" என்று கேட்கவில்லை.

முன்பெல்லாம் சண்டை போடுவாள். உப்பு இல்லை என்பாள், லேட்டு என்பாள். இப்போது எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது. கேட்டதற்குப் பதில். வைத்ததைத் தின்கிறாள். திட்டித் தொலைத்தால் தேவலை. ஏன்டா திரும்ப ஏத்தினேன்னு ஒரு வார்த்தை கேட்டா நான் காலைப் பிடிச்சிக்குவேன். கேட்க மாட்டேங்கிறாளே.

3 மார்ச், ஞாயிறு

சங்கத்து ஆபீசில் சாயங்காலம் எழுத்து சொல்லித் தருகிறார்கள். அம்சம் போகத் தொடங்கியிருக்கிறாள். வீட்டில் இருக்க முடியவில்லை போலிருக்கிறது. எதுவானாலும் நல்லது.

கூட்டிக்கொண்டு வரப் போனபோது பஞ்சநதம் இருந்தார். சங்கத்துக்காக அலைகிறவர், பட்டா வாங்கித் தந்ததில் பாதி அவர் செருப்புத் தேய்ந்தது. தனியாகக் கூப்பிட்டு, ஒரு மூட்டை நெல் எல்லை தாண்டினால் பட்டா ரத்தாகுமா என்று கேட்டேன். "யாரு சொன்னா தோழர்? நெல்லைப் புடிச்சுப்பான், அபராதம் போடுவான். பட்டாவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். முன்னாடியே கேட்டிருக்கலாம். பக்கத்து ஆபீஸ்தான். டீக்கடைப் பேச்சை நம்பின எனக்கு அது தோன்றவில்லை.

18 ஏப்ரல், வியாழன்

காலை ஏழரைக்கு பாய் வீட்டிலிருந்து ஆள். அவர் மகள் ஹலீமாவுக்கு வலி. தலைப்பிரசவம். அவர்களுக்கும் காரைக்கால்தான், ஹலீமாவின் புருஷன் வீடு அங்கே.

"வேற டிரைவரைக் கூப்பிடுங்க பாய்" என்றேன். அவர் சாவியை என் கையில் வைத்து மூடினார். "ஆறு தடவ போயி நேரம் பார்த்தவன் நீதானே. நீயே ஓட்டு" என்றார்.

ஹலீமாவும் அவள் அம்மாவும் பின்னால். அந்தம்மா தன் வெள்ளைத் துப்பட்டியின் ஓரத்தைக் கிழித்துக் கொடுத்தார், அதைக் கண்ணாடியில் கட்டினேன். சன்னாநல்லூர் பிரிவு வந்ததும் யோசிக்கவில்லை, இடது பக்கம் ஒடித்தேன். பேரளம் கேட் திறந்திருந்தது. மாட்டுவண்டிகள் நான் ஹாரன் அடிப்பதற்கு முன்பே ஓரம் கட்டின.

செக்போஸ்ட் தூரத்தில் தெரிந்தபோது காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோனேன். நான் மிதிக்கவே இல்லை. நூறு கஜத்துக்கு முன்னாலேயே மூங்கில் மேலே போய்விட்டது. பாராக்காரர் ஒரு கையால் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் "போ, போ" என்று வீசினார். நான் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி ஒன்றே கால் மணி நேரம். பத்து மணிக்கு ஹலீமாவுக்கு ஆண் பிள்ளை. அந்தம்மா வராந்தாவில் என் தலையைத் தொட்டு துவா செய்தார். நான் நின்றேன்.

திரும்பும்போது செக்போஸ்டில் நானாகவே வண்டியை நிறுத்தி இறங்கினேன். பாராக்காரர் என்னவோ என்று எழுந்து வந்தார்.

"காலையில பிரசவ வண்டி போச்சே, ஏன் நிறுத்திப் பார்க்கலை?"

"ஏன்யா, அதுல அரிசி வச்சிருந்தியா?" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "துண்டு கட்டின வண்டியை எவன்யா நிறுத்துவான்? எங்க வீட்லயும் பொம்பளைங்க இருக்காங்க."

"எப்பவுமே இப்படித்தானா? போன ஐப்பசியிலயும்?"

"நான் இங்க வந்து மூணு வருஷம் ஆவுது. துண்டு தெரிஞ்சா மூங்கிலைத் தூக்கிடுவோம். டிக்கியில மலையே இருந்தாலும் எங்களுக்கென்ன?"

அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். அன்றைக்கு அந்தத் துண்டு என் கையில் இருந்தது. கையில் வச்சிருந்தேன். மூட்டையோடயே போயிருக்கலாம். எதையும் எறிய வேண்டியதில்லை, எதையும் விட வேண்டியதில்லை. நெல்லும் பிள்ளையும் சேர்ந்தே போயிருக்கும்.

எப்படி வீடு வந்தேன் என்று தெரியவில்லை. பாய் வீட்டுச் சேதி எனக்கு முன்னால் வந்துவிட்டது. அம்சம் வாசலில் நின்றாள். ஐந்து மாசத்துக்குப் பிறகு அவளாகவே என்னிடம் கேட்டாள்:

"எந்த வழியா போனீங்க?"

"பேரளம்."

"நிறுத்தினாங்களா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என்னைத் திட்டாமல் இருந்தது என் மேல் கோபத்தால் இல்லை. மூட்டையை ஏற்றச் சொன்னவள் தான்தானே என்று இத்தனை நாளும் உள்ளேயே மருகிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அந்த மூட்டையின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தனியாக அழுதுகொண்டிருந்தேன், அவள் இன்னொரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு.

"நிறுத்தினாங்க" என்றேன்.

"துண்டு கட்டியிருந்துமா?"

"கட்டியிருந்துமா... ஆமா. டிக்கியைத் திறந்தாங்க. சீட்டைத் தூக்கிக் குத்தூசி விட்டாங்க. ஹலீமாவை இறங்கி நிக்கச் சொன்னாங்க."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம்" என்றேன். வேறு எந்த நேரமும் வாயில் வரவில்லை.

அம்சம் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப அந்த வழியா போயிருந்தாலும்..." என்றாள். முடிக்கவில்லை. கீழே உட்கார்ந்து அழுதாள். பிள்ளையைப் புதைத்த அன்றுகூட அப்படி அழவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏத்தச் சொன்னவ நான்தானேங்க" என்றாள். "திருப்பி ஏத்தினவன் நான்" என்றேன். "நீங்க எனக்காகத்தானே ஏத்தினீங்க" என்றாள்.



19 ஏப்ரல், வெள்ளி

காலையில் எழுந்து பார்த்தால் மூலை காலி. அம்சம் ஒருத்தியாகவே மூட்டையை வாசலுக்கு இழுத்துப் போய், தையலைப் பிரித்து, நெல்லைப் பாயில் பரப்பியிருக்கிறாள். அந்து கும்பலாகக் கிளம்பி வெயிலில் போயிற்று. "பார்த்துக்கிட்டே நின்னா? கோழி வருது, விரட்டுங்க" என்றாள். விரட்டினேன். ஸ்டாண்டுக்கு ஒரு மணி நேரம் லேட்டு. அதற்கும் திட்டினாள்.

12 ஜூன், புதன்

மேட்டூரில் எப்போது திறப்பார்கள் என்று டீக்கடையில் பேச்சு. டீக்கடைப் பேச்சை நான் இப்போது நம்புவதில்லை.

அந்த நெல்லில் பாதி அந்து தின்றது போக, மீதியை விதைக்கு என்று எடுத்து வைத்திருக்கிறாள் அம்சம். சாப்பிடுவதற்கு அவளுக்கும் மனசு இல்லை, எனக்கும் இல்லை. ஈரத் துணியில் நூறு நெல்லை எண்ணிக் கட்டி வைத்து, இன்று பிரித்தாள். அறுபத்திரண்டு முளைத்திருக்கிறது. "போதும், நெருக்கி விட்டுக்கலாம்" என்றாள். கணக்கு இப்போதெல்லாம் அவளே எழுதிக்கொள்கிறாள், ஸ்லேட்டில். இரண்டை மட்டும் திருப்பிப் போடுகிறாள்.

நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அதுல தினம் என்ன எழுதறீங்க?"

"மைல் கணக்கு. பாய் கேட்டது."

என் கையிலிருந்து வாங்கினாள். விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கூட்டினாள். "பே... ர... ள... ம். பேரளம்." தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் நன்றாகப் படிக்கிறாய் என்று சொன்னேன். அடுத்த வரியில் ஒரு வார்த்தை அவளுக்கு வரவில்லை. அது "செக்போஸ்ட்". நடுவில் கொம்பு, புள்ளி எல்லாம் குழப்புகிறதாம், வாத்தியார் அடுத்த மாசம் சொல்லித் தருவாராம். "இன்னும் ஆறு மாசம். இதை முழுசும் நானே படிச்சிடுவேன் பாருங்க" என்று டைரியை மூடிக் கொடுத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனாள்.

ஏப்ரல் பதினெட்டாம் தேதிப் பக்கம் அவள் விரலிலிருந்து நாலு தாள் தள்ளித்தான் இருந்தது.

நாளைக் காலை காரைக்காலுக்கு ஒரு வாடகை இருக்கிறது. பேரளம் வழி. வழியில் அரசலாற்றுப் பாலம் வரும். அதன் மேல் ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்த வேண்டும். கையில் இருப்பதை எறிய எனக்கு வராது. இந்த டைரியையாவது எறியக் கற்றுக்கொள்ள வேண்டும்.